ஒரே உடல், இரண்டு சீட்டுகள்

(பாளையங்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாற்று மருத்துவத்தையும் நவீன மருத்துவத்தையும் இணைக்கலாமா என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அமைப்பாளர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பேரன் பேத்தி எடுத்தவர்களிடம் போய், பெண் பார்க்க வரலாமா என்று கேட்பதுபோல் இருக்கிறது. இந்த இரண்டும் தமிழ்நாட்டில் எப்போதோ இணைந்துவிட்டன. இணைத்தது அரசாணையும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை, நோயாளிதான். விடிந்ததும் வெறும் வயிற்றில் வெந்தயப் பொடி, இட்லிக்கு முன்னால் சுகர் மாத்திரை, முட்டிக்கு ஒரு தைலம், படுக்கப்போகும்போது பிரஷர் மாத்திரையும் கடுக்காய்ச் சூரணமும். இதில் பாதி எனக்குத் தெரியாது. மீதிப் பாதி சித்த மருத்துவருக்குத் தெரியாது.

நான் இங்கிலீஷ் வைத்தியம் படித்த மருந்தியல் ஆசிரியன். வகுப்பு முடிந்ததும் வார்டுக்குப் போய் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டுவது என் வழக்கம். ஒரு நாள், காலை பதினொரு மணி வாக்கில் தலைசுற்றி வியர்த்துக் கொட்டுகிறது என்று சேர்க்கப்பட்டிருந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்.

“வேற மருந்து ஏதும் சாப்பிடுதீங்களாம்மா?”

“இல்லய்யா.”

“கஷாயம், சூரணம், சாறு?”

“பாகக்காச் சாறு ஒரு டம்ளர் குடிக்கேன். அதெல்லாம் மருந்தாய்யா? காலைல வெறும் வயித்துல குடிக்கதுதான.”

பாகற்காய் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும். கிளிமிபிரைடு வகை மாத்திரை கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்க வைக்கும். இரண்டும் சேர்ந்து, காலைச் சாப்பாடும் தாமதமானால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போய்விடலாம். மாத்திரையை எழுதியவர் மேல் தப்பில்லை. சாறு குடித்தவர் மேலும் தப்பில்லை. சீட்டில் அந்தச் சாற்றுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான். இன்று நான் சொல்ல வந்ததும் இதுவே: இரு மருத்துவமும் சேர்வதால் வரும் கேட்டைவிட, சேர்வது யாருக்கும் தெரியாமல் இருப்பதால் வரும் கேடு பெரிது.

பாடத்திட்டத்திலேயே இரண்டையும் சேர்த்துவிட்டால் சிக்கல் தீராதா என்று கேட்பவர்களுக்குச் சென்னை மாகாணத்தில் ஒரு முழு அனுபவம் இருக்கிறது. பனகல் அரசர் முதல்வராக இருந்த காலத்தில், 1921-ல், முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்தது. சுதேசி வைத்தியங்களை ஆராய்ந்து 1923-ல் அறிக்கை தந்தது. குழுவின் செயலர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி நவீன மருத்துவப் பட்டம் பெற்றவர், ராணுவ மருத்துவராக இருந்தவர். சுதேசி மருத்துவத்துக்காக அவர் எழுதிய நீண்ட குறிப்பை இன்று படித்தாலும் இரு பக்கமும் கற்றவரின் தெளிவு தெரியும். அந்த அறிக்கையின் பயனாகக் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் சொல்லிக் கொடுத்தார்கள். கூடவே உடற்கூறும் அறுவையும் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னாளில் அதுவே ஒருங்கிணைந்த மருத்துவக் கல்லூரி என்று பெயர் மாறியது. முடிவு என்ன? 1960-ல் அது கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆனது. முழுக்க முழுக்க எம்.பி.பி.எஸ். கல்லூரி. சித்த மருத்துவத்துக்கென்று தனியாக ஒரு கல்லூரி வேண்டியிருந்தது; 1964-ல் அது இந்த ஊரில் தொடங்கியது.

இரண்டையும் ஒரே மாணவன் தலையில் ஏற்றினால், எதற்குச் சம்பளமும் மதிப்பும் அதிகமோ அந்தப் பக்கம் அவன் சாய்வான். நாமாக இருந்தாலும் சாய்ந்திருப்போம். இந்தியாவில் வேறு பல ஒருங்கிணைந்த கல்லூரிகளுக்கும் நேர்ந்தது இதுதான். ஆகவே ஒரே மூளைக்குள் இரண்டு சாத்திரம் என்ற கனவை நான் இன்று விற்க வரவில்லை. இரண்டு மூளைகள் ஒரே நோயாளியைப் பற்றிப் பேசிக்கொண்டால் போதும்.

பேசிக்கொள்ளப் பொதுவான ஒரு தளம் இருக்கிறதா? இருக்கிறது. அதன் பெயர் மிளகு.

சித்த மருத்துவத்தில் அனுபானம் என்று ஒன்று உண்டு. ஒரே மருந்தைத் தேனில் கொடுத்தால் ஒன்று, நெய்யில் கொடுத்தால் ஒன்று, வெந்நீரில் கொடுத்தால் ஒன்று. மருந்தோடு உள்ளே போகும் பொருள் மருந்தின் வேலையை மாற்றும் என்பது அங்கே பாலபாடம். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் எத்தனை மருந்துகளில் துணையாக வருகிறது என்பது இங்கிருக்கும் மாணவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை செய்தார்கள். மஞ்சளின் சத்தான குர்குமினை 2 கிராம் கொடுத்தால் இரத்தத்தில் அது கண்ணுக்கே தெரியாத அளவுதான் சேர்கிறது. மிளகின் சத்தான பைப்பரினை 20 மில்லிகிராம் கூடச் சேர்த்தால், இரத்தத்தில் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடுகிறது. 20 மில்லிகிராம் பைப்பரினுக்கு அரை கிராம் மிளகு போதும். குடலிலும் கல்லீரலிலும் அந்நியப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகள் உண்டு. பைப்பரின் அவற்றின் கையைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடுகிறது. காரணம் அதுதான்.

நல்லதுதானே என்று தோன்றும். மஞ்சளுக்கு நல்லது. ஆனால் அந்த நொதிகள் மஞ்சளை மட்டும் தேடிப்பிடித்துச் சிதைக்கும் என்று யாரோடும் ஒப்பந்தம் செய்யவில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயின், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோபிலின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் ஆகியவையும் பைப்பரினோடு போனால் இரத்தத்தில் கூடுகின்றன. பெனிடாயினில் குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கொஞ்சம் கூடினால் கண் துடிக்கும், நடை தள்ளாடும். இதே தன்மையை நன்மைக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். காசநோய் மருந்தான ரிபாம்பிசினின் அளவைக் குறைத்து, அதோடு பைப்பரினைச் சேர்த்த ஒரு மாத்திரையை ஜம்முவில் உள்ள அரசு ஆய்வுக்கூடம் உருவாக்கியது. திரிகடுகத்தின் தத்துவம் ஒரு காசநோய் மாத்திரைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இணைப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். என்ன சேர்த்தோம், எவ்வளவு சேர்த்தோம், இரத்தத்தில் என்ன ஆனது என்று மூன்றையும் அளந்து பார்த்த இணைப்பு.

நொதியைக் கட்டிப்போடும் மூலிகை இருப்பதுபோல முடுக்கிவிடும் மூலிகையும் உண்டு. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் அப்படிப்பட்டது. 2000-ல் சூரிச் நகர மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு குறிப்பில் இரண்டு நோயாளிகள் வருகிறார்கள். இருவருக்கும் மாற்று இதயம் பொருத்தியிருந்தது. புது இதயத்தை உடல் தள்ளிவிடாமல் காக்க சைக்ளோஸ்போரின் கொடுத்திருந்தார்கள். மூலிகையைச் சேர்த்துச் சாப்பிட்டதும் சைக்ளோஸ்போரின் இரத்தத்தில் சரிந்தது. உடல் இதயத்தைத் தாக்கத் தொடங்கியது. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்பவர்கள் இந்த இருவரை நினைத்துக்கொள்ளலாம். நம் ஊர் அதிமதுரத்துக்கும் இதுபோல ஒரு பக்கம் உண்டு. இருமலுக்கு இரண்டு நாள் சுவைத்தால் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்டால் உடலில் உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தை இறக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். நீர் பிரியும் மாத்திரையும் டிகாக்சினும் சாப்பிடும் இதய நோயாளிக்குப் பொட்டாசியம் இறங்குவது சாதாரண விஷயம் இல்லை.

இந்த இடத்தில் சித்த மருத்துவ நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. மூலிகையின் குறையை மட்டும் சொல்கிறானே என்று. குறையும் நிறையும் கலந்த கதை ஒன்று நம்மிடமே இருக்கிறது. கீழாநெல்லி.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பது தெரியாத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரசைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற ப்ளூம்பெர்க்கும் அதில் ஒரு ஆசிரியர். வைரசைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு வைரசின் மேலுறைப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனம் வேறா, விளைந்த மண் வேறா, முதல் ஆய்வு சிறியதாக இருந்ததா என்று வாதம் நீண்டது. எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தவர்கள் நம்பத்தக்க பலன் இருப்பதாகச் சொல்ல முடியாது என்றார்கள். நம் ஊர்ச் செடி உலக மேடைக்குப் போனதும், அங்கே கேள்விக்கு உள்ளானதும் எனக்கு ஒரே அளவு பெருமை. கேள்விக்கு உள்ளாகாத மருந்து எதையும் நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததில்லை.

அப்படியானால் வீட்டில் கீழாநெல்லி கொடுத்துக் குணமானவர்கள்? குடிநீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும். கீழாநெல்லி கொடுத்தாலும் போகும், என் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினாலும் போகும். பெயர் யாருக்கு என்பதுதான் சண்டை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், எல்லாக் காமாலையும் அந்தக் காமாலை இல்லை. கர்ப்பிணிக்கு வரும் ஹெபடைடிஸ் இ உயிரைக் குடிக்கும் நோய். பித்தக் குழாயில் கல்லோ கட்டியோ அடைத்தாலும் கண் மஞ்சளாகத்தான் தெரியும். இந்த இடத்தில் முதலில் வர வேண்டியது இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். அதைச் செய்துவிட்டு மோரில் கீழாநெல்லி குடித்தால் நான் தடுக்க மாட்டேன்.

இரண்டு மருத்துவமும் ஒரே வளாகத்தில் சந்தித்த தாம்பரத்துக்குப் போவோம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் அது.

தாம்பரம் சானடோரியம், 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் இல்லம். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதற்கடுத்த ஆண்டுகளில் எச்.ஐ.வி.யோடு காசநோயும் சேர்ந்தவர்கள் அந்த மருத்துவமனையின் வாசலுக்கு வந்தார்கள். மற்ற இடங்களில் தொடக்கூட மறுக்கப்பட்டவர்கள். நம் மாவட்டங்களிலிருந்து மட்டும் இல்லை, ஆந்திரத்திலிருந்தும் ரயில் ஏறி வந்தார்கள். அப்போது வைரசை அடக்கும் மருந்து உலகத்தில் இருந்தது. அவர்கள் கையில் இல்லை. மேலை நாட்டு விலை ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001-ல் சிப்லா நிறுவனம் அதையே 350 டாலருக்குத் தர முன்வந்தது. அந்த விலையும் ஒரு கூலித் தொழிலாளியின் வருட வருமானத்தில் பெரும்பங்கு.

அந்த இடைப்பட்ட காலத்தில் மருத்துவமனைக் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் செ.நெ. தெய்வநாயகம். நெஞ்சக நோய் நிபுணர். நவீன மருத்துவம் படித்தவர். ரசகெந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் சேர்த்து ஒரு சித்த மருத்துவ முறையைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்தார். பலனைப் பதிவு செய்தார், நவீன மருத்துவ இதழில் வெளியிட்டார். அவரைக் கொண்டாடியவர்களும் உண்டு, கடுமையாக விமர்சித்தவர்களும் உண்டு. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எடை கூடியது, பசி எடுத்தது என்று சொல்வதை வைத்து வைரஸ் அடங்கிவிட்டது என்று முடிவுக்கு வர முடியாது என்ற விமர்சனத்தில் நியாயம் இருந்தது. ரசகெந்தி மெழுகில் பாதரசம் உண்டு என்பதும் நியாயமான கவலை. ஆனால் அந்த விமர்சனத்தைச் செய்தவர்களிடம், அந்த நோயாளிக்கு அன்றைக்குக் கொடுக்க வேறு என்ன இருந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. படுக்கை கொடுத்தார், தொட்டுப் பார்த்தார், காசநோய்க்கு முறைப்படி மாத்திரை கொடுத்தார், கூடவே மெழுகும் லேகியமும் கொடுத்தார். வீட்டுக்குப் போ என்று சொல்லாததே அன்று பெரிய வைத்தியம்.

2004 ஏப்ரல் 1 அன்று நடுவண் அரசு வைரஸ் அடக்கும் மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய ஒரு சில மையங்களில் தாம்பரமும் ஒன்று. மருந்து வந்த பிறகு கணக்கு தலைகீழாகிவிட்டது. அதுவரை வேறு வழியில்லாததால் சரியாக இருந்தது, அந்தத் தேதிக்குப் பிறகு வேறு வழியைத் தள்ளிப்போட்டால் தவறாகிவிடும். அன்று தரப்பட்ட நெவிராபின் மாத்திரை கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. அதோடு உலோகம் சேர்ந்த மருந்தைத் தொடர்ந்தால் கல்லீரல் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே மருந்து, ஒரே வளாகம். நாள்காட்டி மாறியதும் நியாயம் மாறிவிட்டது. மாற்று மருத்துவத்தைப் பற்றிக் காலத்தையும் கையிருப்பையும் சேர்க்காமல் தீர்ப்புச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. அந்த வளாகத்தின் அருகிலேயே 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது தற்செயலோ என்னவோ, எனக்குப் பிடித்திருக்கிறது.

சேர்ப்பது ஒன்று, தள்ளிவிட்டுச் சேர்ப்பது இன்னொன்று. இந்த வேறுபாட்டை எண்களாகக் காட்டிய ஆய்வு 2018-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்கள். எல்லோரும் ஏதாவது ஒரு நவீன சிகிச்சையாவது எடுத்தவர்கள். அவர்களில் மாற்று மருத்துவத்தையும் சேர்த்துக்கொண்ட 258 பேரை, சேர்க்காத 1,032 பேரோடு ஒப்பிட்டார்கள். சேர்த்தவர்கள் இறக்கும் அபாயம் இரு மடங்கு இருந்தது. இதை மட்டும் படித்துவிட்டு நவீன மருத்துவர்கள் சிலர் மகிழ்ந்தார்கள். அடுத்த பத்தியில்தான் விஷயம். மாற்று மருத்துவம் சேர்த்தவர்களில் 34 சதவீதம் பேர் கீமோதெரபியை மறுத்திருந்தார்கள்; மற்றவர்களில் மறுத்தவர்கள் 3 சதவீதம். கதிர்வீச்சை மறுத்தவர்கள் 53 சதவீதம். மறுபக்கம் 2 சதவீதம் சொச்சம். இந்த மறுப்பைக் கணக்கில் சேர்த்துப் பார்த்ததும் கூடுதல் அபாயம் மறைந்துவிட்டது. அதாவது உயிரை எடுத்தது மூலிகை இல்லை. மூலிகை இருக்கிறதே என்று கீமோவைத் தள்ளிவிட்டது. கீமோ முடிந்து வாந்தியோடு இருப்பவருக்கு அக்குபங்சர் உதவும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. அதை மறுப்பதில் நவீன மருத்துவருக்கு ஒரு பெருமையும் இல்லை. நோயாளி “டாக்டர் திட்டுவார்” என்று எதையும் சொல்லாமல் மறைத்து, ஒரு நாள் வராமலே போய்விடுகிறார் பாருங்கள், அதில்தான் நம் பங்கு இருக்கிறது.

சேர்த்தால் பலன் கூடுமா என்று நேராகக் கேட்ட ஆய்வும் ஒன்று உண்டு. அதுவும் கோயம்புத்தூரில். முடக்குவாதம் உள்ள 43 பேர். ஒரு குழுவுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற நவீன மருந்து. ஒரு குழுவுக்கு ஆயுர்வேத மருந்து. மூன்றாவது குழுவுக்கு இரண்டும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. கஷாயத்துக்குப் போலி, மாத்திரைக்குப் போலி எல்லாம் செய்தார்கள். போலிக் கஷாயம் தயாரிப்பது எவ்வளவு சிரமம் என்று கஷாயம் குடித்தவர்களுக்குத் தெரியும். 36 வாரம். அமெரிக்க ஆய்வாளர்களும் ஆயுர்வேத மருத்துவர்களும் சேர்ந்து செய்து 2011-ல் வெளியிட்டார்கள். மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. ஆயுர்வேத அன்பர்கள் இதை வெற்றி என்கிறார்கள். சிறிய முன்னோடி ஆய்வு என்பதால் நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது மூன்றாவது குழு. இரண்டையும் சாப்பிட்டவர்கள் ஒன்றைச் சாப்பிட்டவர்களைவிட மேலாகத் தேறவில்லை. இரண்டு மருந்தைச் சேர்த்தால் இரண்டு பங்கு குணம் என்று நம் மனம் போடும் கூட்டல் கணக்கு உடலில் நடப்பதில்லை. இந்த ஆய்வு இருபது மடங்கு பெரிதாக மறுபடி நடந்திருக்க வேண்டும்.

பெரிதாக நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு வந்து தேறியவர்களுக்கு யோகா அடிப்படையிலான மறுவாழ்வுப் பயிற்சி, இந்தியாவில் 24 மருத்துவமனைகள், 3,959 நோயாளிகள், 2020-ல் முடிவு வந்தது. மறுபடி மாரடைப்போ மரணமோ குறைந்ததாக உறுதியாகக் காட்ட முடியவில்லை. ஆனால் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, மாரடைப்புக்கு முந்தைய அன்றாடச் செயல்களுக்குத் திரும்புவது கூடியது. எல்லோரும் வழக்கமான மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டுக்கொண்டுதான் யோகா செய்தார்கள். செலவு குறைவு, கருவி வேண்டாம். இதைச் செய்யாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. இதேபோல் பௌத்திரத்துக்குக் காரநூல் கட்டும் முறையை ஐ.சி.எம்.ஆர். அறுவையோடு ஒப்பிட்டு 1991-ல் வெளியிட்டது. ஆறுவதற்கு அறுவையைவிட நாள் ஆகும். திரும்ப வருவது அதைவிடக் குறைவு. அவசரமா, நிரந்தரமா என்று நோயாளியே தேர்ந்தெடுக்கலாம்.

மருந்தின் கலப்படத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 2008-ல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. உலோகம் சேர்ந்த பற்ப செந்தூரங்களை முறையாகப் புடமிட்டு, நாள் குறித்து, பத்தியத்தோடு கொடுக்கும் வைத்தியரை நான் இதில் சேர்க்கவில்லை. அவரிடமும், நோயாளியின் சிறுநீரக நிலை தெரிய ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் பார்க்கச் சொல்வேன். இன்னொரு கலப்படம் எங்கள் பக்கத்துச் சரக்கு. மூட்டுவலிக்கு மூலிகைப் பொடி என்று பொட்டலத்தில் விற்பதில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் வலி பறந்துவிடும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், திடீரென நிறுத்தினால் மயங்கி விழுவார். அதுவும் ஒருங்கிணைந்த மருத்துவம்தான், பொட்டலம் கட்டுபவர் செய்த ஒருங்கிணைப்பு. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் இளைக்கும் நிலையம் ஒன்றில் நவீன மருந்தையும் சீன மூலிகையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு மூலிகைக்குப் பதில் தவறுதலாக அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி வந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம். ஆடே தீண்டாது என்று பெயர் வைத்த ஊரில் நாம் கூடுதலாகக் கவனமாக இருக்கலாம்.

டெங்குவைப் பற்றிக் கேட்பீர்கள். 2012 முதல் அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது; 2017-ல் ஒரு நடிகரின் ட்விட்டர் பதிவால் பெரிய வாக்குவாதமும் நடந்தது. குடிக்கலாமா கூடாதா என்பதிலேயே எல்லோரும் நின்றுவிட்டார்கள். டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் விட்ட பிறகு வருகிறது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். அப்போதுதான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிறு வலித்து, கை கால் சில்லிட்டு, இரத்த அழுத்தம் விழும். குடிநீர் குடித்தோம், காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டில் நிம்மதியாகப் படுக்கும் அதே பொழுது. குடிநீரை ஊற்றிக் கொடுக்கும் முகாமில் இந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

என்ன செய்யலாம்? என் யோசனைகள் சிறியவை. எங்கள் பக்கம் ஓ.பி. சீட்டில் ஒரு வரி கூடட்டும். “வேறு மருந்து உண்டா” என்று கேட்டால் பயனில்லை. கஷாயமா, சூரணமா, லேகியமா, செந்தூரமா, நாட்டு மருந்துக் கடைப் பொட்டலமா, யூடியூப் பார்த்துச் செய்ததா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், திட்டாமல் கேட்க வேண்டும். அறுவைக்குப் போகிறவரிடம் மயக்க மருந்து நிபுணர் இதைக் கேட்டே ஆக வேண்டும். பூண்டு மாத்திரை முதலான மூலிகை மருந்துகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் வழக்கம். சித்த மருத்துவர் பக்கமும் அதேபோல: நோயாளி கொண்டுவரும் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து, பெயரைத் தன் சீட்டில் எழுதட்டும். இன்சுலின், வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை, எச்.ஐ.வி. மாத்திரை, ஸ்டென்ட் வைத்தவரின் இரத்தம் உறையாத மாத்திரை ஆகியவற்றைத் தன் வார்த்தையால் நிறுத்துவதில்லை என்ற கட்டுப்பாடு அவருக்கு வேண்டும். காலக்கெடு இல்லாமல் ஐந்து ஆன்டிபயாடிக் எழுதும் பழக்கத்தை நிறுத்தும் கட்டுப்பாடு எங்களுக்கு வேண்டும். இதை நான் சொல்லாவிட்டால் கேள்வி நேரத்தில் நீங்கள் சொல்வீர்கள்.

இன்னும் ஒன்று. இந்த ஊரில் சித்த மருத்துவக் கல்லூரி 1964-ல் வந்தது. அடுத்த ஆண்டு திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தது. இரண்டும் ஒரே பாளையங்கோட்டையில். மாதம் ஒரு மாலை, ஒரு முறை சித்த மருத்துவக் கல்லூரியில், ஒரு முறை ஹைகிரவுண்டில் உள்ள எங்கள் பக்கத்து மருத்துவக் கல்லூரியில், இரு பக்கமும் மருந்து சாப்பிடும் ஒரு நோயாளியின் இரண்டு சீட்டுகளையும் மேசையில் வைத்து, பெயரை மறைத்துவிட்டுப் பேசலாம். முதல் கூட்டத்துக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்து, கிரியாட்டினின் 3-ஐத் தொட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். டயாலிசிசுக்குப் பயந்து செந்தூரம் தேடிப் போகிறவர் அவர்தான். செந்தூரம் ஏன் அவருக்கு ஆகாது என்பதைச் சித்த மருத்துவப் பேராசிரியரே அவருக்குச் சொல்லட்டும்; நான் சொன்னால் அவர் கேட்பதில்லை. வலி மாத்திரை ஏன் ஆகாது என்பதை நான் சொல்கிறேன். டீச் செலவை முதல் வருடம் நான் ஏற்கிறேன். தேதியை இரண்டு கல்லூரி முதல்வர்களும் பேசி முடிவு செய்யட்டும்.